சாவி

இந்த ஏரிக்கு முன்பதிவு புரியாது.
பதினொன்றுக்கு இரண்டு துடுப்புப் பலகை என்று எழுதி வைத்தால்
பத்தே முக்காலுக்கு மேகம் இறங்கி
அணையை எடுத்துக்கொள்ளும்,
எதிர்க்கரைப் பைன் காட்டை எடுத்துக்கொள்ளும்.
மிச்சம் கார் நிறுத்துமிடம்,
அதில் கட்டணம் செலுத்தாத ஒன்பது ஆடுகள்.

அதற்குள்ளேதான் வந்து நின்றார்கள் டெஸ்மண்டும் மொய்ராவும்,
எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெருநகரம்,
வழியெல்லாம் வெல்ஷ் பெயர்ப்பலகைகளோடு
சண்டை போட்ட களைப்பு.
ஏரியின் பெயரை எப்படிச் சொல்வது என்றாள் அவள்.
நாக்கை மேலே ஒட்டிக்கொள், பக்கவாட்டில் ஊது,
டயரில் காற்று இறங்குகிற மாதிரி, என்றேன்.
அவன் தன் டயரைத் திரும்பிப் பார்த்தான்.

உயிர்காப்பு உடையை இறுக்கிக் கட்டியபடி சொன்னேன்:
சாவி, பர்ஸ், போன், எல்லாம் என் குடிலில் இருக்கட்டும்.
ஜிப் இருக்கிறது என்றான் டெஸ்மண்ட்.
எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

நாற்பது நிமிடம்.
மொய்ரா மண்டியிட்டுப் போனாள், பிறகு நின்றாள்,
நின்றதில் அவளுக்கே ஆச்சரியம், ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள்.
அவனும் தூக்கினான். அவ்வளவுதான்.
தண்ணீர் அவனை விழுங்கித் துப்பியது.
துப்புவதற்குமுன்
பையைத் துழாவிப் பார்த்திருக்கிறது.

அந்த இடத்தில் முப்பது அடி.
கரிச்சேறு ஊறிய கடுந்தேநீர் நிறம், கை விட்டால் கை தெரியாது.
என் தம்பி இத்வாலுக்கு அணையில் வேலை.
படகில் வந்து எட்டிப் பார்த்துத்
தொப்பியைக் கழற்றினான், சாவுக்குக் கழற்றுவதுபோல்.
மாற்றுச் சாவி வீட்டில்.
அவள் அண்ணன் கொண்டுவர இரண்டரை மணி நேரம்,
வழி தவறாவிட்டால்.
தவறுவான் என்றாள் மொய்ரா.

குளத்தோடு கோபித்துக்கொண்டு
கால் கழுவாமல் போனவனைச் சொல்வார்களே,
டெஸ்மண்ட் என் வாசற்படியில்
ஏரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான், கால் நிறையச் சேறு.
டீ போட பிளாஸ்டிக் கேனைச் சரித்தேன்.
இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு கேனிலா?
குழாய் இங்கிருந்துதான் கிளம்புகிறது, என்றேன்,
உங்கள் ஊருக்கு. பம்பு கிடையாது, சரிவுதான்.
மலைக்குள் நுழைந்து, வயல்களுக்கு அடியில்
ஒன்றரை நாள் நடந்து
உங்கள் சமையலறையில் வந்து நிற்கும்.
எங்களுக்கு ஒரு கிளை போட யாருக்கும் தோன்றவில்லை.

அவன் கோப்பைக்குள் பார்த்தான்.
பிறந்ததிலிருந்து நான் குடித்தது இதுவா?
இதுதான்.
இன்று காலை பல் தேய்த்தது?
முந்தாநாள் இங்கே கிடந்தது.

மழை தகரத்தில் பேச ஆரம்பித்தது.
பலகை இன்னும் கரையில் இருக்கிறதா என்றாள் மொய்ரா.
அவர்கள் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.
அன்று எனக்கு வேறு யாரும் வரவும் இல்லை.
போனார்கள். மழை எங்கே முடிகிறது ஏரி எங்கே தொடங்குகிறது
என்று தெரியாத ஓரிடத்தில்
இரண்டு ஆரஞ்சுப் பொட்டுகள்.
அவன் சிரிப்பு மட்டும் தண்ணீர்மேல் ஓடி வந்தது,
இருமலோடு.

அண்ணன் நான்கரை மணி நேரம் எடுத்துக்கொண்டான்.

நவம்பரில் ஓர் அஞ்சலட்டை:
ஹெலெத், குழாயைத் திறக்கும்போதெல்லாம்
இவன் ஒரு கணம் கையை நீட்டிப் பிடிக்கிறான்,
விழுந்தாலும் விழும் என்று.

அடுத்த செப்டம்பரில் மழை பொய்த்து
ஏரி இடுப்புவரை இறங்கியது.
இத்வால் பூட்ஸோடு சேற்றில் நடந்து கொண்டுவந்தான்
ஒரு பல்செட், மூக்குக் கண்ணாடி இரண்டு, சாவி மூன்று.
மூன்றும் அவர்களுடையது இல்லை.
கழுவி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
ஆணி நீளமானது.